மாலைப் பொழுது: காய்மேல் காய்



சென்ற திங்கள் இப்பகுதியில் பல்லாங்குழியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "பழைய ஆட்டங்களைப் பற்றியே எழுதி வருகிறீரே, புதிதாக ஓர் ஆட்டத்தை நாமே அமைக்க இயலாதா?" என்று கேட்டிருந்தனர். இயலும் என்பதே என் விடை. ஆயினும் நினைப்பது போல் அத்துணை எளிதன்று. கடந்த ஓராண்டாக நானும் அம்முயற்சியில் ஈடுபட்டுப் பலமுறை தவறினேன். இறுதியில் சிறியதோர் ஆட்டம் ஒருவாறு உருவாயிற்று. அதில் என் பங்கு பாதிதான். மறுபாதி என் தந்தையாருக்கும், அடுத்த வீட்டில் வாழும் மராத்தியப் பெரியவர் ஒருவருக்கும் உரியது. அவ்விருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை. அதனாலேயே அந்த ஆட்டம் நல்ல ஆட்டமாயிற்று என்று நான் எண்ணுகிறேன். அந்தக் கதையையே இத்திங்கள் சொல்ல விரும்புகிறேன்.

நான் ரெயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவன். ஆகவே இங்கு வரும் கணக்கெல்லாம் விரல் விட்டு எண்ணிப் பார்க்கும் கணக்கே. அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை.

என் தாயார் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. ஊரில் தனியே இருந்த தந்தையாரை நாகபுரிக்கு அழைத்து வந்தேன். ஊரில் அவருக்குத் திண்ணை உண்டு. திண்ணைக்கு வருவோர் உண்டு. கோயில் மண்டபத்துக் கல்லில் கீறிய ஆடுபுலிக் கோடுகளும் உண்டு. 3 புலிகளையும் 15 ஆடுகளையும் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை ஆடுவார். இங்கோ, எங்கள் குடியிருப்பின் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலி, எதிரே சாலை. சாலையில் செல்வோர் பேசுவது ஒன்றும் அவருக்கு விளங்குவதில்லை. நானும் என் மனைவியும் பணிக்குச் சென்ற பின், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை, அவர் வாய் திறக்க வாய்ப்பே இராது. ஞாயிறுதோறும் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்: "தம்பி, ஊருக்குச் சீட்டு எப்பொழுது எடுக்கப் போகிறாய்?" அங்கே பூட்டிய வீடுதான் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்பார். வெளியூரில் பெற்றோரை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியை இழந்தவர். அவருக்கும் ஒரு தாழ்வாரம், ஒரு நாற்காலி. அவர் என் தந்தையாரை "அண்ணா" என்று அழைப்பார். மராத்தியிலும் அச்சொல் வழங்குவது நமக்கு ஒரு பேறு. தந்தையார் அவரைப் "பாவு" என்பார். மராத்தியில் அது உடன்பிறந்தானைக் குறிக்கும். இவ்விரு சொற்களோடு அவர்கள் பேச்சு முடிந்துவிடும். பின்னர் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

ஆடுபுலி ஆடிப் பார்த்தனர். அதில் புலிக்கு ஒரு முறை, ஆட்டுக்கு ஒரு முறை. பெரியவர் ஆட்டைக் கொண்டு புலியைத் தாண்டி வெட்டிவிட்டார். அது கூடாது என்று எப்படிச் சொல்வதென்று தந்தையாருக்குத் தெரியவில்லை. வீட்டில் கேரம் பலகை இருந்தது. ஆனால் தந்தையாரின் விரல் நடுக்கம் சுண்டுவதற்கு இடம் கொடுக்கவில்லை. அவர் கேரம் காய்களைப் பலகையின் நடுவே அழகாக அடுக்குவார், அத்தோடு சரி. அவர் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஓர் எண்ணம் பிறந்தது.

கேரம் காய்கள் எத்தனை? வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1, ஆக 19. நடுவே சிவப்பை வைத்தால் அதைச் சுற்றி 6 காய்கள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன. அவற்றைச் சுற்றி 12. ஒன்றும் ஆறும் பன்னிரண்டும் கூட்டினால் 19. நாம் சிறு வயது முதல் அடுக்கி வரும் அவ்வடிவம் ஓர் அறுகோணம். தேனீ தன் அடையில் கட்டுவதும் அதே அமைப்புத்தான். ஒரு ரூபாய்க் காசைச் சுற்றி அதே அளவுள்ள காசுகளை வைத்துப் பாருங்கள், ஆறுதான் கொள்ளும், ஆறும் சரியாகக் கொள்ளும்.

இவ்வறுகோண அமைப்பு ஆட்டம் அமைப்போருக்குப் பெரிய துணை. சதுரக் கட்டங்களில் ஒரு குறை உண்டு. ஒரு கட்டத்தைப் பக்கத்தில் தொடுவன நான்கு. மூலையில் மட்டும் தொடுவன வேறு நான்கு. மூலையில் தொடுவது தொடுவதாகுமா ஆகாதா என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் தனியே ஒரு விதி வகுக்க வேண்டும். அறுகோணத்தில் அவ்வழக்கே இல்லை. ஒன்றைத் தொடுவன ஆறு. ஆறும் ஒரே தொலைவில் உள்ளவை. ஆறு திசைகளும் சமம். டென்மார்க்கைச் சேர்ந்த பீட் ஹெயின் என்பார் 1942-இல் அறுகோணக் கட்டங்களில் ஆடும் 'ஹெக்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். 1948-இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜான் நாஷ் அதனை அறியாமலே தாமும் அதே ஆட்டத்தைக் கண்டார். அதில் ஒவ்வொருவரும் தமக்குரிய இரண்டு எதிர்ப்பக்கங்களைத் தம் காய்களால் இணைக்க வேண்டும். இருவரில் ஒருவர் இணைத்தே தீருவர். ஆட்டம் சமனாக முடியவே முடியாது. மூலைத் தகராறு இல்லாத அறுகோண அமைப்பே அதற்குக் காரணம்.

பலகை கிடைத்துவிட்டது. இனிக் காய்களை என்ன செய்வது? கேரம் காய் தட்டையானது. ஒன்றன்மேல் ஒன்று நன்றாக நிற்கும். சதுரங்கத்தில் வெட்டுண்ட காய் பலகையை விட்டு வெளியேறிவிடும். அவ்வாறன்றி, வெட்டுண்ட காய் வெட்டியவன் காலடியிலேயே கிடந்தால் என்ன? இவ்வெண்ணம் எனக்கு முன்னரே பலருக்குத் தோன்றியிருக்கிறது. ருஷியாவில் 'பாஷ்னி' என்றோர் ஆட்டம் உண்டு. கோபுரங்கள் என்பது அதன் பொருள். அதனைத் தழுவிச் சதுரங்கத்தில் உலக வீரராக விளங்கிய இமானுவேல் லாஸ்கர் 1911-இல் 'லாஸ்கா' என்னும் ஆட்டத்தை அமைத்தார். வெட்டுண்ட காய் வெட்டிய காயின் கீழே சென்று சேரும். மேலே உள்ள காய் எவருடையதோ, அடுக்கு முழுவதும் அவருக்கே உரியது. அமெரிக்கரான சிட் சாக்சன் 1960-களில் 'ஃபோகஸ்' என்பதைத் தந்தார். அதில் அடுக்கின் உயரமே அது செல்லும் தொலைவுக்கு அளவாயிற்று. இவையெல்லாம் சதுரக் கட்டங்களில் ஆடுவன. அடுக்கையும் அறுகோண அமைப்பையும் ஒன்றுசேர்த்துப் பெரும்புகழ் பெற்றவர் பெல்ஜியம் நாட்டுக் கிரிஸ் பர்ம். அவருடைய 'டுவோன்' 2001-இலும், 'ட்சார்' 2007-இலும் வெளிவந்தன.

உயரமே தொலைவு என்னும் விதியைத் தந்தையாரிடம் சொன்னேன். ஒரு காய் என்றால் ஓரிடம், இரண்டு அடுக்கியிருந்தால் இரண்டிடம், மூன்றானால் மூன்றிடம் என்று விளக்கினேன். அவர் உடனே, "இது பல்லாங்குழிக் கணக்கல்லவா? குழியில் எத்தனை முத்து இருக்கிறதோ அத்தனை தூரம் கை போகும்" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. லாஸ்கரையும் சாக்சனையும் படித்துவிட்டு வந்த எனக்கு, சென்ற திங்கள் நானே எழுதிய பல்லாங்குழி நினைவுக்கு வரவில்லை!

இவ்வாறு தொடங்கி, ஒரு வாரத்தில் ஓர் ஆட்டத்தை அமைத்தேன். அதில் ஏழு விதிகள் இருந்தன. அடுக்கு தன் உயரம்வரை எத்தனை இடமும் செல்லலாம். காலி இடத்திற்கும் செல்லலாம். காய் உள்ள இடத்தில் ஏறியும் அமரலாம். வேண்டுமானால் அடுக்கைப் பிரித்து மேற்பாதியை மட்டும் எடுத்துச் செல்லலாம். ஐந்து காய் உயர்ந்தால் அது 'கோட்டை', இனி அசையாது. சிவப்பை இரண்டு காய் உயரமுள்ள அடுக்கே வெல்லலாம். மூன்று கோட்டை கட்டியவர் வென்றவர். எழுதிப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு விடுமுறை நாளில் இரு பெரியவர்களையும் எதிரெதிரே அமர்த்தி, தந்தையாருக்குத் தமிழிலும் மற்றவருக்கு இந்தியிலும் விளக்கினேன். நான் அருகில் இருந்தவரையில் ஆட்டம் நடந்தது.

மறுநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினேன். காய்கள் பெட்டிக்குள் இருந்தன. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

"என்னப்பா, ஆடவில்லையா?" என்று கேட்டேன்.

"ஆடினோம். நடுவில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அவர் ஏதோ சொன்னார், நான் ஏதோ சொன்னேன். நீ வந்தால் கேட்கலாம் என்று எடுத்து வைத்துவிட்டோம்" என்றார் தந்தையார்.

அன்றுதான் என் தவறு எனக்குப் புலப்பட்டது. நான் அமைத்தது இருவர் ஆடும் ஆட்டமன்று. இருவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து ஆடும் ஆட்டம். சொல்லால் மட்டுமே விளக்கக்கூடிய விதி ஒவ்வொன்றும், சொல் இல்லாத இடத்தில் செத்துப்போகும் விதி. அன்று முதல் ஒரே ஓர் உரைகல்லை வைத்துக்கொண்டேன்: இவ்விதியைக் கையால் காட்டிக் கற்பிக்க முடியுமா? முடியாதாயின் அது வேண்டாம்.

முதலில் போனது காலி இடத்திற்குச் செல்லும் விதி. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தோற்கும் நிலையில் உள்ளவர் ஒரு காயை அப்புறமும் இப்புறமும் நகர்த்திக்கொண்டே காலங்கழிக்க முடிந்தது. தந்தையார் அதை, "முடிவில்லாத ஆட்டம் ஆட்டமன்று தம்பி, கோர்ட்டு வழக்கு" என்றார். எனவே காய் உள்ள இடத்தில்தான் ஏறி அமர வேண்டும் என்று மாற்றினேன். இதனால் விளைந்த நன்மையைக் கவனியுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின்மேல் ஏறுகிறது. அதனால் பலகையில் காய் நிற்கும் இடங்களில் ஒன்று குறைகிறது. தொடக்கத்தில் 19 இடங்கள். ஆகவே 18 நகர்த்தலுக்கு மேல் ஆட்டம் நீளவே இயலாது. முடிவு என்பதைத் தனியே ஒரு விதியாக எழுத வேண்டியதில்லை. ஆட்டத்திற்குள்ளேயே முடிவு அமைந்துவிட்டது.

அடுத்து, 'உயரம்வரை எத்தனை இடமும்' என்பதை எடுத்துவிட்டு, 'உயரம் எவ்வளவோ சரியாக அவ்வளவே' என்றேன். முன்பு, பெரிய அடுக்கைக் கட்டியவர் எங்கும் செல்லலாம். சிறிய காய்கள் அஞ்சி ஒதுங்க வேண்டியதுதான். முதலில் முந்தியவரே இறுதிவரை முந்துவார். இப்பொழுது அவ்வாறன்று. உயர உயர அடுக்கு கனத்துவிடுகிறது. தான் சென்று இறங்க இடமின்றித் தவிக்கிறது. ரெயில்வேயில் பணிபுரியும் அன்பர்களுக்கு இது நன்கு விளங்கும். நீண்ட சரக்கு வண்டிக்கு ஆற்றல் மிகுதி. ஆனால் சிறிய நிலையத்தின் லூப் பாதையில் அது அடங்காது. எதிர்வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடவும் இயலாது. சிறிய வண்டியோ எங்கும் நுழைந்துவிடும். இவ்வாறு ஒரே விதி பெரியவனுக்கு வலிமையையும் தளையையும் ஒருங்கே தருகிறது. ஆட்டம் அமைப்பதில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் இதுவே.

மூன்றாவதாக என் அருமைக் 'கோட்டை' விதி. ஐந்து காய் உயர்ந்தால் அசையக்கூடாது என்பதைக் கையால் எப்படிக் காட்டுவது? எனினும் அதை விட எனக்கு மனமில்லை. ஒரு நாள் இரவு பலகையை எண்ணிப் பார்த்தேன். எங்கள் பலகையில் வரிசைகள் 3, 4, 5, 4, 3 இடங்கள் கொண்டவை. மிக நீண்ட வரிசையில் 5 இடங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 4 அடி. ஆகவே ஐந்து உயர அடுக்கு செல்ல இப்பலகையில் வழியே இல்லை! நான் விதி எழுதித் தடுக்க நினைத்ததைப் பலகை தானே தடுத்துக்கொண்டிருந்தது. மேலும் எண்ணினேன். நான்கு உயர அடுக்கு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மட்டுமே செல்லலாம். வேறெங்கும் நின்றால் அதுவும் கல்லே. நடு இடத்திலிருந்து எத்திசையிலும் 2 அடிதான் உண்டு; எனவே சிவப்பு இருக்கும் நடு இடத்தில் மூன்று காய் சேர்ந்தால் அவ்வடுக்கு பின்னர் நகராது. இவற்றில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. எல்லாம் பலகையின் வடிவிலிருந்தே பிறந்தன. கோட்டை விதியை அன்றிரவே அடித்துவிட்டேன்.

அடுக்கைப் பிரிக்கும் விதியும், சிவப்பை வெல்லும் தனி விதியும், மூன்று கோட்டைக் கணக்கும் இவ்வாறே ஒவ்வொன்றாகப் போயின. மூன்றே விதிகள் நின்றன: உயரத்தின் அளவு செல்க; காயின்மேல் அமர்க; மேற்காய் எவருடையதோ அடுக்கு அவருடையது. இம்மூன்றையும் என் தந்தையார் பெரியவருக்குக் காட்டியதை அறைக்குள்ளிருந்து பார்த்தேன். ஒரு காயை எடுத்து ஓரடி வைத்தார். இரண்டை எடுத்து இரண்டடி வைத்தார். காலி இடத்தில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார். மேற்காயைத் தொட்டுத் தம் மார்பைத் தொட்டார். பெரியவர் தலையசைத்தார். அவ்வளவுதான். அன்று விளக்கு வைக்கும்வரை ஆடினர்.

இனிச் சொல்லப்போவது நான் அமைக்காத விதி. சில நாள் கழித்து மாலையில் வீடு திரும்பியபோது, பலகையில் காய்கள் கேரம் முறையில் இல்லை. வெள்ளையும் கறுப்பும் தாறுமாறாகக் கலந்திருந்தன. அவ்வாறு வைத்தவர் அடுத்த வீட்டுப் பெரியவர். வைத்து முடித்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஒரு வெள்ளைக் காயைச் சுட்டினார். ஒரு கறுப்புக் காயைச் சுட்டினார். பிறகு உள்ளங்கையை என் தந்தையார் பக்கம் விரித்துக் காட்டினார். தந்தையார் நெடுநேரம் பலகையைப் பார்த்தார். மூலைகளை விரலால் எண்ணினார். பின்னர்க் கறுப்பைத் தொட்டார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னப்பா இது?" என்றேன்.

"நாலைந்து நாளாகப் பெரும்பாலும் வெள்ளை வைத்திருந்தவரே வென்றார். பார்த்தால், கேரம் அடுக்கில் ஆறு மூலையும் வெள்ளை! மூலையைத் தொட்டுக் காட்டினேன், பாவு புரிந்துகொண்டார். இப்பொழுது ஒருவர் அடுக்கி வைக்க வேண்டும். மற்றவர் நிறம் எடுக்க வேண்டும். ஊரில் பாகப்பிரிவினை எப்படி? மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதலில் எடுப்பான். வைக்கிறவன் வஞ்சம் செய்ய முடியுமா?"

நான் காகிதத்தில் வரைந்து பார்த்தேன். வெளிவட்டத்தின் 12 காய்கள் மாறி மாறி வருவதால், மூலை ஆறும் ஒரே நிறமாகவும், இடைப்பட்டவை ஆறும் மற்றொரு நிறமாகவும் அமைந்துவிடுகின்றன. மூலைக் காய்க்கு அண்டை மூன்று. இடைக் காய்க்கு அண்டை நான்கு. மூலையில் நிற்பவனை அருகிலிருந்து தாக்குவோர் குறைவு. ஓராண்டாக அப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் இது படவில்லை. 'ஹெக்ஸ்' ஆட்டத்திலும் இதை ஒத்த ஏற்பாடு உண்டு. அங்கே முதலில் வைப்பவருக்கு வெற்றிக்கு வழி உண்டென்று நாஷ் நிறுவியிருக்கிறார். ஆகவே ஒருவர் முதற்காயை வைக்க, மற்றவர் விரும்பினால் அந்த இடத்தையே தமதாக்கிக்கொள்ளலாம் என்று பலர் ஆடுகின்றனர். அறிஞர் கண்ட அதே நீதியை, ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாமல், இரு முதியவர்கள் தாழ்வாரத்தில் கண்டுவிட்டனர்.

ஆட விரும்பும் அன்பர்களுக்காக ஆட்டத்தை இங்கே சுருக்கித் தருகிறேன். தடித்த தாளில் 3, 4, 5, 4, 3 என ஐந்து வரிசைகளாக 19 வட்டங்கள் வரைக. கீழ்வரிசை வட்டம் மேல்வரிசையின் இரு வட்டங்களுக்கு இடையே வருமாறு அமைக்க. நடுவில் சிவப்பு. மற்ற 18 காய்களை ஒருவர் விரும்பியபடி வைக்க, மற்றவர் நிறத்தைத் தெரிந்துகொள்க. வெள்ளை முதலில் ஆடுக. தம் நிறம் மேலே உள்ள அடுக்கை முழுவதுமாக எடுத்து, ஆறு திசைகளில் ஒன்றில் நேராக, அதன் உயரத்தின் அளவே சரியாகச் சென்று, காய் உள்ள இடத்தில் ஏற்றுக. ஒற்றைக் காயும் ஓர் அடுக்கே. வழியில் காய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தடையில்லை. சிவப்பு தானாக நகராது. அதன்மேல் ஏறியவர் அதையும் உடன் கொண்டு செல்வார். நகர்த்த இயலாதவர் தம் முறையை விடுக. இருவராலும் இயலாதபோது, தம் நிறம் மேலே உள்ள அடுக்குகளின் காய்களை எண்ணுக. மிகுதி உடையவர் வென்றார். மொத்தம் 19 ஒற்றைப்படை ஆதலால், சிவப்பு ஓர் அடுக்கில் சேர்ந்துவிட்டால் சமன் என்பதே இல்லை. சிவப்பு இறுதிவரை மூடப்படாமல் நின்றால் மட்டுமே சமனுக்கு இடமுண்டு.

இது கைவந்த பின் பெரிய ஆட்டம் வேண்டுவோர் கிரிஸ் பர்மின் டுவோனை ஆடலாம். அக்கம்பக்கத்தில் கேட்டு மூன்று கேரம் தொகுதிகளைச் சேர்த்தால் போதும். அதற்கு வேண்டியவை வெள்ளை 23, கறுப்பு 23, சிவப்பு 3, ஆக 49. மூன்று தொகுதிகளில் சிவப்பு சரியாக மூன்று. மற்ற நிறங்களில் நந்நான்கு மிஞ்சும். வரிசைகள் 9, 10, 11, 10, 9. முதலில் இருவரும் மாறி மாறி, சிவப்புக் காய்களைத் தொடக்கமாகக் கொண்டு, காலிப் பலகையை நிரப்புகின்றனர். பின்னர் அடுக்குதல். உயரமே தொலைவு, மேற்காயே உடைமை என்பன அங்கும் உண்டு. ஆயினும் ஆறு பக்கமும் காய்களால் சூழப்பட்டது நகரக்கூடாது. இன்னொரு கடுமையான விதி: சிவப்பு உள்ள அடுக்கோடு தொடர்பு அறுந்த காய்க்கூட்டம் முழுவதும் பலகையை விட்டு நீக்கப்படும். வளர்ந்து நின்ற கோபுரம் ஒரே நொடியில் போய்விடும்! இறுதியில் தத்தம் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் உயர்ந்தது எவருடையதோ அவர் வென்றார். இவ்விதியை எங்கள் சிறு பலகையிலும் வைத்துப் பார்த்தேன். இடம் குறைவாதலால் ஆட்டம் பாதியிலேயே அறுந்தது. பெரிய பலகைக்குப் பொருந்துவது சிறியதற்குப் பொருந்துவதில்லை.

தாமே ஆட்டம் அமைக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். விதியைச் சேர்ப்பது எளிது, நீக்குவதே வேலை. ஒரு குறை தோன்றினால் புதிய விதி எழுதாதீர்கள். பலகையின் வடிவை மாற்றிப் பாருங்கள், காயின் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். பிறகு உங்கள் மொழி அறியாத ஒருவருக்குக் கையால் காட்டிக் கற்பித்துப் பாருங்கள். நாம் வாழும் ஊர்களில் அத்தகையவர்க்குக் குறைவில்லை. அண்டை வீட்டிலேயே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி சில வாரங்களாக வரவில்லை. தை மாதம் ஊரில் தாயாருக்குச் செய்ய வேண்டிய கடன் இருப்பதால் நானே சென்ற வாரம் தந்தையாருக்குச் சீட்டு எடுத்தேன். அவரிடம் கொடுத்தபோது கண்ணாடியை அணிந்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"இது போகிற சீட்டு. திரும்பி வருகிற சீட்டு எங்கே தம்பி? பாவுவிடம் எத்தனை நாள் என்று விரலால் காட்ட வேண்டும்" என்றார்.

அதையும் எடுத்துவிட்டேன்.

அன்பர்கள் இவ்வாட்டத்தை ஆடிப் பார்த்து, கண்ட குறைகளை இதழ் முகவரிக்கு எழுதுக. இன்னும் ஒரு விதியைக் குறைக்க முடியும் என்று எவரேனும் காட்டினால், அவர் கடிதத்தை மகிழ்வுடன் இப்பகுதியில் வெளியிடுவேன்.